முடிவில்லாத கதையைக் கேட்பவர்கள்

ஈசிஜியில் கோளாறு எதுவும் தெரியாது. ஆனாலும் நெஞ்சு அடைக்குது, பெருமூச்சாய் வருகுது என்று சொல்லி வன்னிப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். இலங்கைப் போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரிடமும் மனைவியரிடமும் துயரம் இப்படி உடம்பாலும் பேசுகிறது. அறிகுறிப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் பேச்சைக் கேட்க முடியாது. உளவளத்துணையாளர்கள் நாவலும் கவிதையும் வாசிக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இலக்கியப் புனைகதையைக் கொஞ்சம் வாசித்த உடனேயே பிறர் மனதை ஊகிக்கும் திறன் கூடுகிறது என்று கிட், கஸ்ரானோ என்ற இருவர் 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். வேறு குழுக்கள் அதே பரிசோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. நீண்டகால வாசகர்களிடம் இத்திறன் சற்றுக் கூடுதலாகத் தென்படுகிறது. ஆனால் அது வாசிப்பால் வந்ததா, அத்தகையோர்தான் வாசிக்க வருகிறார்களா என்பது தீரவில்லை. ஆகவே கதையை மாத்திரைபோல எண்ணவேண்டாம்.

எனக்குப் பெரிதாகப் படுவது பொஸ்ரன் உளமருத்துவர் ஜொனாதன் ஷேயின் அனுபவம். வியட்நாம் போரில் ஈடுபட்ட படையினருக்குச் சிகிச்சை அளித்தவர் அவர். தளபதி இழைத்த அநீதி, உயிர்த்தோழனின் சாவு, பிறகு வந்த வெறி என்று அவர்கள் சொன்னதெல்லாம் ஹோமரின் ‘இலியட்’ காவியத்தில் அக்கிலீசுக்கு நேர்ந்ததாகவே இருந்தது. பயத்தைவிட, நியாயம் மீறப்பட்டதே சிலரை ஆழமாக உடைத்தது என்பதைக் காவியத்தின் துணையோடு அவர் விளங்கிக்கொண்டார். 1994இல் வந்த அவரது நூல் இந்த ‘அறக்காயம்’ பற்றிய ஆய்வுகளுக்கு வழி திறந்தது.

வன்னிக்கு ஹோமர் தேவையில்லை. இறுதிப் போரின் இடப்பெயர்வைச் சொல்லும் தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ நாவல் இருக்கிறது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வெளியிட்ட வன்னி ஆய்வு, தனிமனிதரோடு குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டதைக் காட்டியது. ஒரு குடும்பம் எப்படிக் குலைகிறது என்பதைப் பக்கம் பக்கமாகக் கூடவே இருந்து பார்க்க நாவல்தான் இடம் தருகிறது.

2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராடி வருகிறார்கள். உடலும் இல்லை, செய்தியும் இல்லை. குடும்பச் சிகிச்சையாளர் போலின் பொஸ் இத்தகைய இழப்பைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்றார். இழப்பை ஏற்றுக்கொள்ளச் சொல்லி அவசரப்படுத்துவது இங்கே இன்னொரு காயமாகிவிடும். முடிவு தெரியாத கதைக்குள் பொறுமையாக இருக்கப் பழகிய உளவளத்துணையாளர், மகன் இறந்திருப்பானா என்று தொடங்கமாட்டார். அவன் எப்படிப்பட்ட பிள்ளை என்று கேட்பார். தாய் தன் வேகத்தில் சொல்லட்டும் என்று விடுவார்.