சுழலும் குளிர்வாயுக்களிற் சுழிகள்: சாத்தியமும் நிகழ்வும்

கிண்ணமொன்றிலுள்ள நீரைக் கிண்ணத்தோடு தொடர்ந்து சுழற்றின், நீர் முழுவதும் அதனுடன் சேர்ந்து சுழலும். அச்சிலிருந்து விலகுந்தோறும் வேகம் கூடும். சுழற்சி சிறிது சிறிதாக வளரத்தக்கது என்பதே எமது அன்றாட அனுபவமாகும். தனிப்பூச்சியத்துக்கு மிக அண்மையாகக் குளிரூட்டப்பட்ட சில வாயுக்கள் இவ்வனுபவத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

போசும் ஐன்ஸ்டைனும் 1924-25 இல் எதிர்வுகூறிய இந்நிலையைக் கோர்னெல், வைமன் ஆகியோர் 1995 இல் கொலராடோவில் ருபீடியம் அணுக்களைக் கொண்டு உருவாக்கினர். இதில் அணுக்கள் யாவும் ஒரே அலையாக இயங்குவன. வட்டமாகச் சுற்றிவரும் அலை தன்னோடு தானே பொருந்த வேண்டுமாயின், அவ்வட்டத்துள் முழு எண்ணிக்கையான அலைகளே அடங்கலாம். அரை அலைக்கு அங்கு இடமில்லை. எனவே சுற்றோட்டமும் ஓர் அடிப்படை அளவின் முழு மடங்காகவே அமையும். பிளாங்கின் மாறிலியை அணுவின் திணிவால் வகுப்பின் அவ்வளவு கிடைக்கும். திரவ ஈலியம் தொடர்பாக இக்கருத்தை ஒன்சாகர் 1949 இலும் பைன்மன் 1955 இலும் முன்வைத்திருந்தனர்.

இதன் விளைவு யாது? மெதுவாகக் கலக்கும்போது வாயுவிற் சுழி எதுவும் தோன்றுவதில்லை. ஓர் எல்லையைக் கடந்ததும் முழுச் சுழியொன்று தோன்றுகின்றது. அதன் நடுவே அணுக்கள் அற்ற மெல்லிய துளை காணப்படும். துளையிலிருந்து விலகுந்தோறும் வேகம் குறையும். இது கிண்ணத்து நீருக்கு நேர்மாறானது.

அவ்வெல்லை எது என்பதே ஈண்டு சிறப்பாக நோக்கத்தக்கது. பரிசில் டலிபாரின் குழுவினர் லேசர்க் கற்றையைக் கரண்டிபோற் பயன்படுத்தி வாயுவைக் கலக்கிப் பெற்ற முடிவுகள் 2000 இல் வெளியாயின. சுழி இருப்பது சக்தி நோக்கிற் சாதகமாகும் வேகம் ஒன்று. சுழி உண்மையில் தோன்றிய வேகம் அதனினும் உயர்ந்தது. பொறியினுள் அணுக்கள் குறுக்காக அலையும் மீடிறனின் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கை எட்டியபோதே சுழி தோன்றிற்று. அவ்வேகத்திலேதான் வாயுவின் வடிவம் கலக்கலுக்கு ஒத்திசைந்து பெரிதும் நெளிகின்றது. குலைந்த விளிம்பினூடாகச் சுழி உள்ளே நுழைகின்றது.

சுழற்சி மேலும் கூட, சுழிகள் பெருகுமேயன்றி ஒரு சுழி பருப்பதில்லை. மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் கெற்றர்லேயின் குழுவினர் 2001 இற் சோடிய வாயுவில் ஏறத்தாழ 130 சுழிகள் முக்கோண ஒழுங்கில் நிரைபட்டிருக்கக் கண்டனர். இவற்றைத் தொகுத்து நோக்கின் வாயு முழுவதும் கிண்ணத்து நீர்போற் சுழல்வதாகவே தோன்றும். அத்தோற்றத்தின் உள்ளே இருப்பவை தனித்தனிப் பாய்ச்சல்களே.

ஒரு நிலை சாத்தியமாவது வேறு; அது நிகழ்வது வேறு. இரண்டுக்கும் இடையே விளிம்பு குலையும் செயன்முறையொன்று வேண்டப்படுகின்றது. அதனைக் காணாது எல்லைப்பெறுமானத்தை மட்டும் கணிப்பது அரை விளக்கமே எனலாம்.