கணவனின் கடன் நிவாரணமும் மனைவியின் சம்பளமும்

எமது வர்த்தகர்கள் பலரின் பிள்ளைகளோ சகோதரர்களோ லண்டன் பக்கம் சிறு கடை, உணவகம், வாடகைக் கார் என்று தொழில் செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் நொடித்துப் போய், கடனட்டையும் வங்கிக் கடனும் கழுத்தை நெரிக்கும்போது நாடக்கூடிய வழிகளில் ஒன்று ‘டெப்ட் ரிலீஃப் ஓர்டர்’ எனப்படும் கடன் நிவாரண ஆணை. பன்னிரண்டு மாதங்களுக்குக் கடன்காரர்கள் நெருக்க முடியாது. அதன்பின் ஆணைக்குள் வந்த கடன்கள் அழிந்துவிடும்.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2024 ஜூன் 28 முதல் இதற்கான கடன் எல்லை 50,000 பவுண். சொந்த வீடு இருக்கக் கூடாது. கடையிலுள்ள சரக்கு உட்பட சொத்து 2,000 பவுணைத் தாண்டக் கூடாது. (வாகனத்துக்குத் தனிக் கணக்கு உண்டு.) மாதச் செலவு போக மிஞ்சுவது 75 பவுணுக்கு மேற்படக் கூடாது. 90 பவுண் கட்டணம் 2024 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டது.

பலரும் தடுமாறுவது அந்த 75 பவுணில்தான். மனைவி வேலைக்குப் போகிறார் என்றால் அவர் சம்பளத்தையும் சேர்த்துப் பார்ப்பார்களா? சேர்ப்பதில்லை. ஆனாலும் அது கணக்கை மாற்றிவிடும். வீட்டுச் செலவில் மனைவி தன் பங்கைத் தாங்குகிறார் என்றே கொள்வார்கள். அந்தப் பங்கு பெரும்பாலும் இருவரின் வருமான விகிதப்படி பிரிக்கப்படும்.

ஓர் உதாரணம். கணவருக்குக் கைக்கு வருவது 1,200 பவுண், மனைவிக்கு 1,800. வாடகை, மின்சாரம், சாப்பாடு என்று பொதுச் செலவு 1,500. கணவரின் பங்கு ஐந்தில் இரண்டு, அதாவது 600. அவரது சொந்தச் செலவு 540 என்றால் மிச்சம் 60. ஆணை கிடைக்கும். மனைவியின் சம்பளம் 2,400 ஆக உயர்ந்தால் கணவரின் பங்கு 500 ஆகக் குறைந்து மிச்சம் 160 ஆகிவிடும். கணவரின் வருமானத்தில் ஒரு சதமும் கூடவில்லை, ஆனால் ஆணை கைநழுவிவிடும். ஆணை கிடைத்த பின்னும் அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் இப்படி மாற்றம் வந்தால் அறிவித்தே ஆகவேண்டும். மறைத்தால் ஆணை இரத்தாகலாம்.

சம்பளச் சீட்டைக் காட்டும்படி மனைவியைக் கட்டாயப்படுத்த முடியாது. அதற்காக, அவர் எதுவும் தருவதில்லை என்று எழுதிவிட்டுத் தப்பலாம் என எண்ணுவது அசட்டுத்தனம்.

சம்பளத்தைவிடப் பெரிய அபாயம் கையொப்பம். இருவர் பெயரிலும் எடுத்த கடனாயின், முழுத் தொகையும் கணவரின் 50,000 எல்லைக்குள் எண்ணப்படும். ஆணை வந்ததும் அவர் விடுபடுவார். வங்கியோ பாதியை அல்ல, முழுவதையும் மனைவியிடம் கேட்கும். தம்பதியருக்குச் சேர்த்து ஒரே ஆணை கிடையாது, தகுதியிருந்தால் மனைவி தனியே விண்ணப்பிக்க வேண்டும். கடைப் பங்காளியுடன் கூட்டாக வாங்கிய கடனுக்கும் இதே கதிதான். இங்கிருந்து முதல் அனுப்பி, அங்குள்ள கடன் பத்திரத்திலும் ஒப்பமிட்டிருப்பவர்கள் அதன் பிரதியை எடுத்துப் பார்ப்பது நல்லது.

விண்ணப்பம் நேரடியாகச் செல்லாது. அங்கீகாரம் பெற்ற ஆலோசகர் மூலமே அனுப்பவேண்டும். ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ்’ போன்ற இடங்களில் இது இலவசம்.