பாடத்தில் இருக்கிறது, டைம்டேபிளில் இல்லை

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே நடந்த வேத பாடசாலைக்கும், மாணவர் விடுதிக்கும், 'வீரசோழன்' என்று பெயரிட்ட 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலைக்கும் (மருத்துவமனை) ஆன செலவை அது கணக்குப்பிள்ளையின் பொறுமையோடு சொல்கிறது. வைத்தியருக்கு, சல்லியக்கிரியை என்ற அறுவை சிகிச்சை செய்பவருக்கு, மருந்துச் செடி கொண்டுவருபவருக்கு என்று போகிற பட்டியலில், மாணவர்கள் படுக்கப் பாய்க்கும், இரவு விளக்குக்கும், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும் ஒதுக்கீடு உண்டு. அரசர் காலத்தைப் பொற்காலம் என்று பாட வேண்டியதில்லை. அந்தப் பாடசாலைக்குள் யாருக்கெல்லாம் இடம் இருந்திருக்காது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் மாணவரின் ஓய்வை அவரவர் சமர்த்துக்கு விட்டுவிடாமல் நிறுவனத்தின் செலவில் எழுதிவைத்தார்கள். இந்தக் கட்டுரை கேட்பதும் அதைத்தான், பிசியோதெரபி மாணவர்களுக்காக.

அவர்களின் நாள் எளிதானதில்லை. காலையில் வகுப்பு அல்லது மருத்துவமனை போஸ்டிங். பக்கவாதம் வந்தவரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், அறுவை சிகிச்சை முடிந்தவரை நடக்க வைக்க வேண்டும். மாலையில் கேஸ் ஷீட், இரவில் அனாட்டமி, அரியர் இருந்தால் அதுவும். வேடிக்கை என்னவென்றால், இந்த அழுத்தத்துக்கான கைமருந்து அவர்களுடைய பாடத்திலேயே இருக்கிறது. எக்சர்சைஸ் தெரபிக்குத் தலைமுறைகளாகப் புரட்டப்படும் டீனா கார்டினர் புத்தகத்தில் தளர்வுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக வெளியிட்ட முறையும், பிரிட்டிஷ் பிசியோதெரபிஸ்ட் லாரா மிட்செல் உருவாக்கிய முறையும் வைவாவில் கேட்கக்கூடிய கேள்விகள். மாணவர் கடகடவென்று ஒப்பிப்பார். ஒப்பிக்கும்போது அவருடைய தோள்கள் காதுக்கருகே ஏறியிருக்கும்.

ஜேக்கப்சன் முறையில், கை முஷ்டியைச் சில விநாடிகள் இறுக்கி, சட்டென்று விட்டு, இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்; பிறகு முன்கை, மேற்கை, முகம், வயிறு, கால் என்று உடம்பு முழுக்க. மிட்செல் வேறு வழியில் போனார். அழுத்தத்தில் உடம்பு எடுக்கும் கோலம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான்: தோள் ஏறும், விரல் மடங்கும், தாடை இறுகும். ஏறிய தோளைப் பாதத்தின் பக்கம் கீழே இழுத்தால், இழுக்கும் தசை வேலை செய்யும்போது அதற்கு எதிர்த்தசை தானாக விட்டுக்கொடுக்கும். இழுத்து, நிறுத்தி, தோள் இப்போது எங்கே இருக்கிறது என்று உணர வேண்டும், அவ்வளவுதான். காஞ்சிபுரத்தில் குழித்தறியில் நாளெல்லாம் குனிந்திருந்து கழுத்து வலியோடு வரும் நெசவாளருக்கு மாணவர் இதையே சொல்லித்தருவார். தனக்குச் செய்துகொள்ள நேரம் இல்லை என்பார்.

இந்தப் பயிற்சிகளுக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதில் மிகை வேண்டாம். மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி படிப்பவர்களிடம் நடந்த ஆய்வுகள் பல, பயிற்சி எடுத்தவர்களின் பதற்றம் குறைவதைக் காட்டுகின்றன. ஆனால் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள், சில வாரங்களே நடந்தவை. அபாயங்களும் உண்டு. ஆழமாக மூச்சு விடு என்றதும் வேகவேகமாக இழுத்து விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும்; மெதுவாக, வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். தசையை இறுக்கும்போது மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். கெண்டைக்காலை முரட்டுத்தனமாக இறுக்கினால் பிடித்துக்கொள்ளும். சிலருக்குக் கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்தாலே பதற்றம் கூடுகிறது. அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு, நடந்துகொண்டு செய்யலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். தொடர்ந்து தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வந்தால் அது மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. தசைப் பயிற்சி அதற்குச் சிகிச்சை ஆகாது.

கொஞ்சம் டென்ஷன் இருந்தால்தான் பிள்ளைகள் படிப்பார்கள் என்று பேராசிரியர்களில் ஒரு சாரார் சொல்வார்கள். கொஞ்சம் என்ற சொல்லை அவர்கள் மறக்காதவரை அது சரிதான். தூண்டுதல் ஓர் அளவுவரை உதவி, அதைத் தாண்டினால் கடினமான வேலையைக் கெடுக்கிறது என்பது 1908இல் யெர்க்ஸும் டாட்ஸனும் எலிகளிடம் பார்த்ததிலிருந்து உளவியலில் பழகிய கருத்து. இதைவிடக் கனமான ஆட்சேபம் மாணவர் பக்கத்திலிருந்து வருகிறது: விடுப்பு தரமாட்டார்கள், எல்லோர் முன்னாலும் திட்டுவார்கள், பிறகு மூச்சுப் பயிற்சி செய் என்பார்களா? இந்தக் கோபம் நியாயமானது. ஓய்வில்லாத போஸ்டிங்கையும் அவமதிப்பையும் மறைக்கும் திரையாகத் தளர்வுப் பயிற்சி ஆகிவிடக்கூடாது. அதனால்தான் அதைத் தனிமனித ஒழுக்கமாக உபதேசிக்காமல் நிறுவனத்தின் கடமையாகக் கேட்க வேண்டியிருக்கிறது. வருடத்துக்கு ஒரு நாள் யோகா தினத்தில் மைதானத்தில் உட்காரவைத்துப் படம் எடுப்பதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. தளர்வு ஒரு திறமை. பந்து வீசுவதைப்போலத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் தேர்வு அறை வாசலில் கைகொடுக்கும்.

சட்டம் இப்போது மாணவர் பக்கம் ஓரளவு வந்திருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி மாணவி ஒருவர் இறந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று, அரசு, தனியார் என்று பாராமல் எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் விடுதிகளுக்கும் நெறிமுறைகளை வகுத்தது. உரிய சட்டம் வரும்வரை அவற்றுக்குச் சட்ட பலம் உண்டு. 100 அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள நிறுவனம் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும். சிறிய நிறுவனம் வெளியே உள்ள நிபுணரோடு முறையான ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். ஊழியர்களுக்கு வருடம் இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும். உதவி எண்களை விடுதியிலும் வகுப்பிலும் கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பொதுவில் அவமானப்படுத்தக் கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அரசு செலவில் நடக்கும் மனநல சிகிச்சையை உரிமையாக்குகிறது. 23ஆம் பிரிவு சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. டாக்டரிடம் போனால் காலேஜுக்குத் தெரிந்துவிடும், இன்டெர்னல் மார்க்கில் கைவைப்பார்கள் என்று பயப்படுகிறவர்கள் இந்த 23ஐ நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அவசரத்துக்கு 14416, அதாவது டெலி மானஸ். எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. நேரில் பார்க்க மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு போதும். அழுத்தத்துக்குக் காரணம் சீனியர்களின் ராகிங் என்றால் அது வேறு வழக்கு. தமிழ்நாட்டில் 1997 முதலே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, 1800-180-5522 என்ற தேசிய எண்ணும் இருக்கிறது. கல்லூரியிடம் கேட்பதை வாய்மொழியாகக் கேட்காதீர்கள். தனியாகக் கையெழுத்திடத் தயங்கினால் வகுப்பாகச் சேர்ந்து முதல்வருக்கு மனு எழுதுங்கள்: ஆலோசகர் யார், எந்த நாளில் வருவார், உதவி எண் ஏன் ஒட்டப்படவில்லை என்று. நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் பல்கலைக்கழகத்துக்கும், மாவட்ட ஆட்சியருக்கும் அந்த நகலோடு போகலாம். அதே மனுவில், எக்சர்சைஸ் தெரபி பிராக்டிகலில் வாரம் ஒரு வகுப்பைத் தளர்வுப் பயிற்சிக்கென்று டைம்டேபிளில் போடச் சொல்லுங்கள். மதிப்பெண் இல்லாத வகுப்பாக இருக்கட்டும். ஆள் இல்லை என்று நிர்வாகம் சொல்ல முடியாது. அதைச் சொல்லித்தரும் ஆசிரியர் ஏற்கெனவே அந்தத் துறையில் சம்பளம் வாங்குகிறார்.