சனிக்கிழமைச் சம்பளமும் சின்னத் தட்டும்

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள்!

பனியன் கம்பெனிகளில் வாரக் கூலி கைக்கு வரும் நாள் அது. அன்று இரவு கடைவீதியில் கூட்டம் அலைமோதும். புரோட்டாக் கடைகளில் கல் சூடு ஆறாது. தெரு முனையில் காளான் வண்டிகளைச் சுற்றிலும் ஆட்கள் நிற்பார்கள். பலர் குழந்தையையும் அழைத்து வந்திருப்பார்கள்.

ஒன்றரை ஷிப்ட்

"ஒன்றரை ஷிப்ட்" என்ற சொல் திருப்பூரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். காலை 8.30 மணிக்கு வேலைக்குப் போனால், இரவு 8.30 மணி வரை வேலை. தாய், தகப்பன் இருவருமே வேலைக்குப் போகும் வீடுகள் ஏராளம். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியும் பக்கத்தில் இல்லை.

ஆகவே, சனிக்கிழமை இரவு ஓட்டலில் உட்காரும் அரை மணி நேரம் வெறும் சாப்பாட்டு நேரம் அல்ல. குழந்தை தாய் தகப்பனோடு சேர்ந்து உட்காரும் நேரம்.

சின்ன வயிறு

பெரியவர்களுக்கு வாங்குவது போலவே குழந்தைக்கும் ஒரு முழுத் தட்டு வாங்குகிறார்கள். பிள்ளை பாதியில் எழுந்து விடுகிறது. "காசு கொடுத்து வாங்கியது, மிச்சம் வைக்காதே!" என்று அதட்டல் விழுகிறது. கண்ணீரோடு வீடு திரும்புகிறது குழந்தை.

ஸ்பெயின் நாட்டில் "தபாஸ்" என்று ஒரு வழக்கம் உண்டு. சின்னச் சின்னத் தட்டுகளில் பல பண்டங்கள் வரும். நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள்.

நம் ஊரிலும் இதைச் செய்யலாம். இரண்டு இட்லி, ஒரு தோசை, ஒரு ஆம்லெட். நடுவில் வைத்தால், குழந்தை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். போதவில்லை என்றால் இன்னொன்று வாங்கலாம். காசும் மிச்சம்; அழுகையும் இல்லை.

நிறத்தைப் பாருங்கள்!

காளான் என்று பெயர். தட்டில் பாதி முட்டைக்கோஸ்தான். அதனால் கேடு இல்லை. கவனிக்க வேண்டியது நிறத்தை.

2024 பிப்ரவரியில் நிறம் போட்ட பஞ்சு மிட்டாயைத் தமிழக அரசு தடை செய்தது. அதில் 'ரோடமின்-பி' என்ற சாயம் இருந்தது. துணிக்குப் போடும் சாயம் அது! சாயம் எது என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணைப் பறிக்கும் சிவப்பில் எது வந்தாலும் குழந்தைக்கு வேண்டாம்.

பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கும் 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை வந்தது. பச்சை முட்டையில் நோய்க் கிருமி இருக்கக்கூடும் என்பதே காரணம். குழந்தைக்குக் கொடுப்பது சுடச்சுட, நன்றாக வெந்ததாக இருக்கட்டும்.

பேச விடுங்கள்

தட்டு வரும் வரை பிள்ளையின் கையில் செல்போனைக் கொடுத்து விடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஆறு நாள் கதையும் அதன் வாயில் காத்திருக்கிறது!