தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம்

தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் என்பது தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கும் பட்டியல் பழங்குடியினருக்கும் எதிரான பாகுபாடு, வன்கொடுமை, உரிமை மறுப்பு ஆகியவற்றை விசாரித்து அரசுக்குப் பரிந்துரை செய்யும் சட்டமுறை அமைப்பு ஆகும். 2021 ஆம் ஆண்டில் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின் கீழ் இது நிறுவப்பட்டது. இதன் அலுவலகம் சென்னையில் அமைந்துள்ளது. பாகுபாட்டுக்கு எதிராக மாநகரம்தோறும் தனி ஆணையம் அமைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் போன்ற ஊர்களைச் சேர்ந்தவர்களும் இவ்வாணையத்தையோ தேசிய ஆணையத்தையோ அணுக வேண்டியுள்ளது.

பெயரில் உள்ள "ஆதிதிராவிடர்" என்னும் சொல் இங்கு ஒரு சாதியை மட்டும் குறிப்பதன்று. தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள 76 சாதிகளுள் ஆதிதிராவிடர் என்பதும் ஒன்று. எனினும் மாநில அரசின் வழக்கில் அச்சொல் பட்டியல் சாதியினர் அனைவரையும் குறிக்கப் பயன்படுகிறது.

ஆணையம் அமைக்கப்படும் வழிகள்

இந்தியாவில் ஓர் ஆணையம் மூன்று வழிகளில் அமையலாம். முதலாவது, அரசியலமைப்புச் சட்டமே அதனை நிறுவுவது. இரண்டாவது, நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ தனிச்சட்டம் இயற்றி நிறுவுவது. மூன்றாவது, அரசாணை ஒன்றினால் அரசே அமைத்துக்கொள்வது. இவ்வேறுபாடு வெறும் பெயரளவிலானது அன்று. அரசாணையால் பிறந்த ஆணையத்தை மற்றோர் அரசாணையால் கலைத்துவிட முடியும். சாட்சியை வரவழைக்கும் அதிகாரமும் அதற்குத் தானாக வந்துவிடாது. சட்டத்தால் பிறந்த ஆணையத்தைக் கலைக்க அச்சட்டத்தைத் திருத்தவோ நீக்கவோ வேண்டும். அரசியலமைப்பு ஆணையத்தைக் கலைக்க அரசியலமைப்பையே திருத்த வேண்டும்.

தமிழ்நாடு மாநில சிறுபான்மையினர் ஆணையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1989 இல் அரசாணையால் தொடங்கப்பட்ட அது, 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே சட்டமுறைத் தகுதி பெற்றது.

குறிப்பிட்ட நிகழ்வு ஒன்றை விசாரிக்க 1952 ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டத்தின் கீழ் அமைக்கப்படும் தற்காலிக ஆணையங்களும் "ஆணையம்" என்றே அழைக்கப்படுகின்றன. அவை அறிக்கை அளித்ததும் முடிவடைபவை. இக்கட்டுரை நிலையான ஆணையம் பற்றியது.

வரலாறு

சென்னை மாகாணம் இத்துறையில் முன்னோடி எனலாம். பொதுச்சாலை, பொதுக்கிணறு ஆகியவற்றை அனைவரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924 இல் மாகாணச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். எம். சி. ராஜாவின் முயற்சியால் 1938 இல் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. இவற்றில் உரிமை இருந்தது. அந்த உரிமை கிடைக்கிறதா என்று பார்த்துவரும் அமைப்பு இல்லை.

1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17 ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 338 ஆவது பிரிவு, பாதுகாப்புகளைக் கண்காணிக்கச் சிறப்பு அலுவலர் ஒருவரை ஏற்படுத்தியது. பரந்த நாட்டுக்கு ஒரே அலுவலர் என்பது போதாது என்பது விரைவில் விளங்கியது. 1978 இல் நடுவண் அரசு தீர்மானம் ஒன்றின் மூலம் போலா பாசுவான் சாசுத்திரி தலைமையில் பல உறுப்பினர் கொண்ட ஆணையத்தை அமைத்தது. 1990 இல் செய்யப்பட்ட 65 ஆவது திருத்தம் அவ்வாணையத்துக்கு அரசியலமைப்புத் தகுதி அளித்தது. அது 1992 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 2003 இன் 89 ஆவது திருத்தத்தால் 2004 பிப்ரவரி முதல் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனித்தனித் தேசிய ஆணையங்கள் உருவாயின.

மாநில அளவில் கருநாடகம் 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், கேரளம் 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் தமக்கென ஆணையங்களை அமைத்துக்கொண்டன. 1938 இலேயே சட்டம் இயற்றிய மண்ணில் மாநில ஆணையம் 2021 இல்தான் வந்தது என்பது வியப்புக்குரியது. இதற்கிடையே 2002 மே மாதத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் இலால்குடியை அடுத்த திண்ணியத்தில் தலித்துகள் இருவர் மனித மலத்தை ஒருவருக்கொருவர் ஊட்டும்படி கட்டாயப்படுத்தப்பட்ட கொடுமை நாடெங்கும் பேசப்பட்டது. பாதிக்கப்பட்டோர் முன் அன்று இருந்தவை காவல் நிலையம், நீதிமன்றம், தேசிய ஆணையத்தின் சென்னை அலுவலகம் போன்றவையே.

2021 அக்டோபரில் ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி பி. ஆர். சிவக்குமார் முதல் தலைவராகவும், "தலித் முரசு" இதழின் ஆசிரியர் புனித பாண்டியன் துணைத் தலைவராகவும் அமர்த்தப்பட்டனர். பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். 2024 இல் ஓய்வு பெற்ற நீதிபதி எஸ். தமிழ்வாணன் தலைவராகவும், எழுத்தாளர் இமையம் துணைத் தலைவராகவும் அமர்த்தப்பட்டனர்.

அதிகாரங்கள்

தேசிய ஆணையத்துக்கு 338 ஆவது பிரிவின் 8 ஆவது உட்பிரிவு, விசாரணையின்போது உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்களை வழங்குகிறது. மாநில ஆணையமும் அதே முறையில் வடிவமைக்கப்பட்டதாகும். அழைப்பாணை அனுப்பி எவரையும் வரவழைத்து உறுதிமொழியின் பேரில் விசாரித்தல், ஆவணங்களைக் கொண்டுவரச் செய்தல், பிரமாணப் பத்திரத்தைச் சான்றாக ஏற்றல், அலுவலகங்களிலிருந்தும் நீதிமன்றங்களிலிருந்தும் பதிவேடுகளைக் கேட்டுப் பெறுதல் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை.

சாதாரண மனுதாரருக்கு இவற்றின் பயன் பெரிது. "கோப்பு நிலுவையில் உள்ளது" என்று மாதக்கணக்கில் விடை கூறும் அலுவலகம், ஆணையத்தின் அழைப்பாணை வந்ததும் கோப்புடன் சென்னைக்குச் செல்ல வேண்டும். முறையீடு வராமலேயே தானாக முன்வந்து விசாரிக்கவும் ஆணையத்தால் முடியும்.

பரிந்துரையும் ஆணையும்

உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு என்பதால் ஆணையம் நீதிமன்றம் ஆகிவிடுவதில்லை. இதனை உச்ச நீதிமன்றம் 1996 இல் தெளிவாக்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீசு வங்கியின் பதவி உயர்வு நடவடிக்கையை நிறுத்தி வைக்குமாறு அன்றைய தேசிய ஆணையம் 1993 இல் வங்கிக்கு எழுதியது. வங்கி ஊழியர்களின் நலச்சங்கம் அதனை நிறைவேற்றக் கோரி வழக்காடியது. ஆணையத்துக்கு அளிக்கப்பட்டவை விசாரணை நடத்துவதற்கான நடைமுறை அதிகாரங்கள் மட்டுமே. இடைக்காலத் தடையோ நிலையான தடையோ விதிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை என நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனவே ஆணையம் உண்மையைக் கண்டறியலாம்; "இதைச் செய்க" என்று கட்டளையிட முடியாது. இறுதியில் அது அளிப்பது பரிந்துரை. தேசிய ஆணையத்தைப் பொறுத்தவரை, மாநிலம் தொடர்பான அறிக்கை ஆளுநருக்கு அனுப்பப்பட்டுச் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். எந்தப் பரிந்துரையையேனும் ஏற்காவிடில் அதற்கான காரணத்தையும் அரசு உடன் தெரிவிக்க வேண்டும். அறிக்கை எத்தனை நாள்களுக்குள் வைக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பு கூறவில்லை. இவ்வேற்பாட்டின் வலுக்குறைவு இங்குதான் உள்ளது.

மனித உரிமை ஆணையம் குறித்து வேறு நிலைப்பாடு எழுந்தது குறிப்பிடத்தக்கது. 1993 ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 18 ஆவது பிரிவின் கீழ் அவ்வாணையம் செய்யும் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு அச்சட்டத்தின் சொற்களை ஒட்டியது. ஆகவே வேறு சட்டங்களால் அமைந்த ஆணையங்களுக்கு அது தானாகப் பொருந்தாது.

திருச்சிராப்பள்ளியில் முறையீட்டின் போக்கு

ஆணையம் காவல் நிலையத்துக்கு மாற்று அன்று. வன்கொடுமை நிகழ்ந்தால் முதலில் பதிவாக வேண்டியது முதல் தகவல் அறிக்கை. முக்கொம்பை அடுத்த சிற்றூர்களில் நிகழ்ந்தால் அது மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் எல்லைக்குள் வரும்; திருவரங்கத்தில் நிகழ்ந்தால் மாநகரக் காவல் ஆணையரின் எல்லைக்குள் வரும். காவல் ஆணையர் என்பவரும் இங்கு கூறப்படும் ஆணையமும் தொடர்பற்றவை. பெயர் ஒற்றுமையால் மனுக்கள் இடம் மாறிச் செல்வதுண்டு.

1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் புலனாய்வு செய்து, 60 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என விதிகள் கூறுகின்றன. வழக்கு சிறப்பு நீதிமன்றத்துக்குச் செல்லும். பாதிக்கப்பட்டோருக்கான உதவித்தொகை, குற்றத்தின் தன்மைக்கேற்ப 85,000 உரூபாய் முதல் 8,25,000 உரூபாய் வரை என 2016 ஆம் ஆண்டு திருத்த விதிகளில் வரையறுக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூடி இவற்றை ஆய்வு செய்ய வேண்டும்.

இந்தப் படிகளில் ஏதேனும் ஒன்று நின்றுபோகும் இடத்தில்தான் ஆணையம் பயன்படுகிறது. வழக்குப் பதிய மறுத்தல், பொருத்தமற்ற சட்டப்பிரிவில் பதிதல், உதவித்தொகையைத் தாமதித்தல் ஆகியவை அதன் முன் வைக்கத்தக்கவை. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பொது ஊழியர் பட்டியல் வகுப்பைச் சாராதவராயின், அச்சட்டத்தின் 4 ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை பெறலாம். ஆனால் துறைசார் விசாரணையின் பரிந்துரை இல்லாமல் அக்குற்றச்சாட்டைப் பதிய முடியாது. ஆணையம் வரவழைத்துப் பார்க்கும் கோப்பு இவ்விடத்தில் மிகுந்த மதிப்புடையது.

மேலப்புதூர் சுவர்

திருச்சிராப்பள்ளி மாநகருக்குள்ளேயே இவ்வாணையத்தால் தொட முடியாத ஒரு சிக்கல் நெடுங்காலமாக உள்ளது. மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவர், சாதிச்சுவர் என்று கண்டிக்கப்பட்டு வந்தது. 2010 இல் போராட்டக்காரர்கள் அதன் ஒரு பகுதியை இடித்தனர்.

பாகுபாட்டுக்கு எதிரான ஆணையம் இருக்கையில் இதனை அங்கு கொண்டுசெல்ல என்ன தடை என்று வினவலாம். 1950 ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். சாதியின் பெயரால் பிரிக்கப்பட்டவர்களே, சட்டத்தின் பார்வையில் அச்சாதியினர் அல்லர். சிறுபான்மையினர் ஆணையத்தை அணுகலாம் எனினும், அது சிறுபான்மையினர் நலன்களைக் காக்க ஏற்பட்டதேயன்றிச் சிறுபான்மைச் சமயத்துக்குள் நிலவும் தீண்டாமையை விசாரிப்பதற்கென அமைந்ததன்று.

எஞ்சுவது 17 ஆவது பிரிவும் 1955 ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் ஆகும். இவை பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும் என நிபந்தனை விதிக்கவில்லை. ஆயினும் பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராயின், செயல் தீண்டாமையின் பேரில் நடந்ததாக நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். மற்றவர்கள் அதனை மெய்ப்பிக்க வேண்டும். மதம் மாறியோருக்குப் பட்டியல் சாதித் தகுதி அளிப்பதை ஆராய 2022 அக்டோபரில் ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருட்டிணன் தலைமையில் நடுவண் அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது.

நகர ஆணையங்கள்

நகர அரசே ஆணையம் அமைக்கும் முறை ஐக்கிய அமெரிக்காவில் உண்டு. 1943 ஆர்லெம் கலவரத்தை அடுத்து நியூயார்க்கு மேயர் லா கார்டியா 1944 இல் அமைத்த நல்லிணக்கக் குழு, 1955 இல் நகரச் சட்டத்தின் மூலம் நிலையான ஆணையமாயிற்று. இன்று நியூயார்க்கு நகர மனித உரிமை ஆணையம் முறையீட்டை விசாரித்து இழப்பீடு வழங்க ஆணையிடலாம். வேண்டுமென்றே செய்த பாகுபாட்டுக்கு 2,50,000 டாலர் வரை தண்டம் விதிக்கலாம். சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்க நகரங்களுள் இதுவே முதலாவது. அங்கு முறையீட்டை விசாரிப்பது நகரத்தின் குடியுரிமை அலுவலகம்.

திருச்சிராப்பள்ளி 1994 இல் திருவரங்கம் நகராட்சியையும் இணைத்து மாநகராட்சி ஆயிற்று. குடிநீர், தெரு, சந்தை, இடுகாடு, சுடுகாடு ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பில் வருபவை. பாகுபாடு நிகழக்கூடிய இடங்கள் பல அதன் கையில் உள்ளன. ஆனால் பாகுபாடு குறித்த முறையீட்டை விசாரித்துத் தண்டம் விதிக்கும் தனி ஆணையம் எதுவும் அதனிடம் இல்லை. அத்தகைய முறையீட்டில் மாநகராட்சி பெரும்பாலும் எதிர்மனுதாரராகவே ஆணையத்தின் முன் நிற்கும்.