சுண்டெலியைச் சந்தைக்கு அழைத்து வந்தவர்

பள்ளிக்கூடப் பையிலும் தேநீர்க் கோப்பையிலும் மிக்கி மவுஸ் என்னும் சுண்டெலி சிரிப்பதை நாம் அடிக்கடி காண்கின்றோம். அதனை உலகிற்கு அளித்தவர் வோல்ட் டிஸ்னி என்பதைச் சிறுவரும் அறிவர். ஆனால், வெண்திரையில் ஆடிய சுண்டெலியை வீடுகளுக்குள் அழைத்து வந்தவரின் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. அவர்தான் கே கேமன்.

1929ஆம் ஆண்டில், எழுதுபலகைகளில் மிக்கியின் உருவத்தைப் பொறிக்க ஒருவர் அனுமதி கேட்டு, 300 டொலர் நீட்டினார். பணமுடையில் இருந்த டிஸ்னி இசைந்தார். இவ்வாறு சிறிதாகத் தொடங்கிய வியாபாரத்தை 1932இல் கேமன் பொறுப்பேற்றார். 1892இல் பிறந்த அவர் விளம்பரத் தொழிலில் கைதேர்ந்தவர்.

கேமன் செய்த தொழில் விந்தையானது. அவர் பொம்மை செய்யவில்லை, கடிகாரமும் செய்யவில்லை. உருவத்தைப் பயன்படுத்தும் உரிமையையே உற்பத்தியாளருக்கு வழங்கினார். விற்பனையில் ஒரு பங்கு உரிமைக் கட்டணமாக வந்து சேர்ந்தது. தரங்குறைந்த பொருள்களில் மிக்கியின் முகம் தோன்றலாகாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

அக்காலத்தில் அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் வாட்டியது. 1933இல் மிக்கியின் இரு கைகளே மணியையும் நிமிடத்தையும் காட்டும் கடிகாரம் சந்தைக்கு வந்து அமோகமாக விற்றது. மறுவருடம், கடனில் மூழ்கி நீதிமன்றப் பொறுப்பில் இருந்த லயனல் என்னும் விளையாட்டு ரயில் கம்பெனி, மிக்கியும் மின்னியும் எதிரெதிரே நின்று கையால் இயக்கும் தள்ளுவண்டியை வெளியிட்டது. விலை ஒரு டொலர். இரண்டரை இலட்சத்துக்கும் மேல் விற்று, அக்கம்பெனி தலைநிமிரத் துணைநின்றது. தொழிலாளர் பலரின் அடுப்பு அணையாது காத்ததில் அச்சுண்டெலிக்கும் பங்குண்டு!

1949 அக்டோபரில், பாரிஸிலிருந்து நியூயோர்க் நோக்கிப் பறந்த விமானம் அஸோர்ஸ் தீவுகளின் மலையொன்றில் மோதியது. அதிலிருந்த 48 பேரும் மாண்டனர். கேமனும் அவர்தம் மனைவியும் அவர்களுள் அடங்குவர்.

இன்று பெற்றோர் கடைக்குச் சென்றால், பிள்ளைகள் பையின் தையலைப் பார்ப்பதில்லை, படத்தையே பார்க்கின்றனர். அந்த ஆசையை வியாபாரமாக்கியவர் கேமன். ஆயினும், படத்தை நம்பி வாங்குவோரிடம் மட்டமான பொருளைத் தள்ளலாகாது என்று அவர் கருதினார். படத்தைப் பிள்ளைகள் பார்க்கட்டும். தையலை நாம் பார்ப்போம்.