கைக்கணினி வாங்கப் போகிறீர்களா?

2024-இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்கு 101 கோடியே 48 இலட்சம் ரூபாய் மதிப்பில் அரசு கைக்கணினிகளை வழங்கியது. வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 12,700 ரூபாய். எண்ணும் எழுத்தும் மதிப்பீடு, எமிஸ் பதிவுகள், பாடக் காணொளிகள் ஆகியவைதான் தொடக்கப் பள்ளியில் அதன் வேலை. அந்த வேலைக்கு அந்த விலை போதும் என்பது என் கருத்து.

அதற்குப் பிறகு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடமிருந்து ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. குறுவள மையக் கூட்டத்தின் தேநீர் இடைவேளையில்கூட அதே பேச்சுதான். “இருபதாயிரத்தில் ஒன்று வாங்கினால் போதுமா? இல்லை, கூடப் போட்டு உயர்ரகமாகவே வாங்கிவிடலாமா?” சொந்தப் பணத்தில் வாங்குபவர் கேட்டால் அது அவர் பாடு. ஆனால் பள்ளிக்கு வரும் நன்கொடையில் வாங்கும்போது இந்தக் கேள்விக்குத் தவறாக விடை சொன்னால் இழப்பு மாணவர்களுக்கு.

புதுக்கோட்டை மாவட்டம் அறந்தாங்கிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். 2024 டிசம்பரில் எங்கள் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 75,000 ரூபாய் தந்தார்கள். சிலர் திருப்பூரில், சிலர் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள். “சார், இருக்கிறதுலயே பெஸ்ட்டா ஒண்ணு வாங்குங்க, நம்ம ஸ்கூலுக்குப் பெருமையா இருக்கணும்” என்றார்கள். பத்தாம் வகுப்பில் 41 பேர் இருக்கிறார்கள். பெருமைக்கு ஒன்று போதும்தான். 41 பேருக்கு?

முடிவெடுக்கும் முன் ஆசிரியர் அறையில் இரண்டு பழைய கதைகளைப் பேசினோம். முதலாவது நம் நாட்டுக் கதை. 2011 அக்டோபர் 5 அன்று மத்திய அரசு ‘ஆகாஷ்’ கைக்கணினியை அறிமுகம் செய்தது நினைவிருக்கும். அரசு கொள்முதல் விலை ஏறத்தாழ 2,250 ரூபாய். உலகமே திரும்பிப் பார்த்த விலை. ஆனால் உள்ளே இருந்தது 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்.பி. தற்காலிக நினைவகம், அழுத்தித் தொட்டால்தான் வேலை செய்யும் 7 அங்குலத் திரை. அடுத்த ஆண்டே திரையையும் செயலியையும் மாற்றி ‘ஆகாஷ் 2’ கொண்டுவர வேண்டியதாயிற்று. விலையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் அடங்கும்படி பொருளைச் செய்ததன் விளைவு அது.

இரண்டாவது கதை நேர் எதிர். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் 2013-இல் எல்லா மாணவர்களுக்கும் ஐபேட் கொடுக்கத் திட்டமிட்டது. பாட மென்பொருளோடு சேர்த்து ஒன்று 678 டாலர். கொடுத்த சில நாள்களிலேயே மாணவர்கள் பாதுகாப்புக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு விருப்பமான தளங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். தட்டச்சுப் பலகை தனியாக வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. 2014 ஆகஸ்டில் அந்த ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டார்கள். பொருள் உயர்தரமானதுதான், அதில் யாருக்கும் ஐயமில்லை. வகுப்பறையில் அதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பதைத்தான் யாரும் முன்கூட்டியே தீர்மானிக்கவில்லை.

ஆகவே, எங்கள் பள்ளியில் கைக்கணினி செய்ய வேண்டிய வேலைகளை முதலில் ஒரு தாளில் எழுதினோம். மணற்கேணி காணொளிகளைக் குழுவாகப் பார்ப்பது, பாடநூல் பி.டி.எஃப். படிப்பது, ஜியோஜீப்ராவில் வரைபடம் வரைவது, ஆய்வகத்தில் மாணவர்கள் செய்யும் சோதனையைப் படம் பிடிப்பது, வினாடி வினா நடத்துவது. கணக்கு ஆசிரியர் மட்டும், “திரையில் பேனாவால் எழுதி ப்ரொஜக்டரில் காட்ட வேண்டும்” என்று ஒரு வரி சேர்த்தார். அந்த ஒரு வரிதான் பிறகு எல்லாக் கணக்கையும் குழப்பியது!

கடைக்காரர் சொல்லும் எண்களில் எவை நமக்கு வேண்டும், எவை வேண்டாம் என்று பார்ப்போம்.

செயலியின் வேகத்தைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். காணொளி ஓட்டுவதற்கென்று சில்லுக்குள்ளேயே தனிப் பகுதி இருக்கிறது. இடைநிலை விலைக் கைக்கணினியிலும் அது நன்றாக வேலை செய்யும். நாம் ‘ஸ்லோ’ என்று திட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் தற்காலிக நினைவகம் போதாமையும், சேமிப்பகம் மெதுவாக இருப்பதும்தான். எமிஸ் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுக் காணொளிக்குப் போய்த் திரும்பினால் பக்கம் மறுபடி முதலிலிருந்து ஏறுகிறதா? நினைவகம் போதவில்லை என்று பொருள். 4 ஜி.பி.யோடு நிறுத்த வேண்டாம். 6 அல்லது 8 ஜி.பி. இருந்தால் சில ஆண்டுகள் தாங்கும். பாடக் காணொளிகளைச் சேமிக்க மெமரி கார்டு போடும் வசதி வேண்டும். ஊரக இணையத்தை நம்பி ஒரு பாடவேளையைத் திட்டமிட முடியாது என்பது உங்களுக்கும் தெரியும்.

120 ஹெர்ட்ஸ், 90 ஹெர்ட்ஸ் என்பதெல்லாம் திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. பாடக் காணொளிகள் பெரும்பாலும் நொடிக்கு 25 அல்லது 30 சட்டகங்களில் எடுக்கப்பட்டவை. அவற்றைப் பார்க்க இந்த வேறுபாடு உதவாது. பேனாவால் எழுதும்போது மட்டும் தெரியும். மை பேனாவின் பின்னாலேயே வருகிறதா, கொஞ்சம் தாமதித்து வருகிறதா என்பதில்.

வெளிச்சம் முக்கியம். மரத்தடியில் உட்கார்ந்து நடத்துகிற வகுப்பில் மங்கலான திரையால் பயனில்லை. உயர்ரகத்தில் இது உண்மையாகவே மேல். ஆனால் வெயிலுக்கு எந்த விலையும் விலக்கல்ல. ஐபேடை 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தும்படிதான் அதன் தயாரிப்பாளரே சொல்கிறார். ஏப்ரலில் நம் மாவட்டம் அந்த அளவைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். இருசக்கர வாகனத்தின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் 15,000 ரூபாய்ப் பொருளும் 75,000 ரூபாய்ப் பொருளும் ஒன்றுபோலவே கெடும்.

இவ்வளவும் பேசிவிட்டுப் புதுக்கோட்டை கீழராஜ வீதிக்குப் போனோம். போகும்போது பள்ளியின் எச்.டி.எம்.ஐ. கம்பியையும், டைப்-சி இணைப்பானையும் பையில் எடுத்துக்கொண்டோம். இதை எல்லாரும் செய்ய வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஏனென்றால் இந்த விவரம் பெட்டியின்மேல் இருக்காது, விற்பவருக்கும் பெரும்பாலும் தெரியாது.

நாங்கள் பார்த்தவை நான்கு. சொல்லும் விலைகள் அப்போது இந்தியாவில் அறிவிக்கப்பட்டிருந்தவை, கடையில் சற்றுக் கூடவோ குறையவோ செய்தன. முதலாவது சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ், 20,999 ரூபாய். 11 அங்குலத் திரை, 8 ஜி.பி. நினைவகம், மெமரி கார்டு வசதி உண்டு. இதற்கான பேனா கிடையாது. இரண்டாவது அதே நிறுவனத்தின் எஸ்9 எஃப்.இ., 36,999 ரூபாய். பேனா பெட்டியிலேயே வருகிறது, தண்ணீர் பட்டாலும் தாங்கும். மூன்றாவது பத்தாம் தலைமுறை ஐபேட், 34,900 ரூபாய். பேனா தனியாக 7,900 ரூபாய், மெமரி கார்டு போட முடியாது. நான்காவது உயர்ரகமான எஸ்9, 72,999 ரூபாய். மிகத் துல்லியமான 120 ஹெர்ட்ஸ் திரை, பேனா, தண்ணீர்ப் பாதுகாப்பு, ஐந்து ஆண்டுப் பாதுகாப்பு மேம்படுத்தல் எல்லாம் உண்டு.

கம்பியைச் செருகிப் பார்த்தோம். எஸ்9-இல் படம் வந்தது, ஐபேடில் வந்தது. ஏ9 பிளஸில் வரவில்லை, 36,999 ரூபாய் எஃப்.இ.யிலும் வரவில்லை! இரண்டிலும் இருப்பது டைப்-சி துளைதான், வடிவமும் அதே. ஆனால் படத்தை வெளியே அனுப்பும் இணைப்பு அதற்குப் பின்னால் கொடுக்கப்படவில்லை. துளையின் வடிவத்தைப் பார்த்து ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று நினைத்துவிடக் கூடாது. இவற்றில் கம்பியில்லாமல் காட்டலாம். திறன் பலகையோ ஸ்மார்ட் டி.வி.யோ இருந்தால், இணையமே இல்லாமல் இரண்டும் நேரடியாக இணைந்துகொள்ளும். வெறும் ப்ரொஜக்டர் என்றால் தனியாக ஒரு பெறும் கருவி வாங்கிச் செருக வேண்டும். கம்பியில்லா வழியில் ஒரு நொடிக்கும் குறைவான தாமதம் இருக்கும். காணொளிக்கு அது தெரியாது. எழுதிக்கொண்டே காட்டினால் உறுத்தும்.

திரும்பி வந்து ஆசிரியர் கூட்டத்தில் வாதம் நடந்தது. எஸ்9 ஒன்று வாங்கினால் 2,001 ரூபாய் மிஞ்சும். நல்ல உறையும் கண்ணாடிக் காப்பும் வாங்கவே அது சரியாகப் போய்விடும். கீழே விழுந்து திரை உடைந்தால், அதை மாற்றும் செலவுக்கே ஏறக்குறைய ஓர் இடைநிலைக் கைக்கணினி வாங்கிவிடலாம். அந்தப் பயத்தில் அது தலைமையாசிரியர் அறைப் பீரோவுக்குள் போய்விடும் என்றார் எங்கள் தமிழாசிரியை. பீரோவுக்குள் போன பல பொருள்களைப் பார்த்தவர் அவர். ஏ9 பிளஸ் மூன்று வாங்கினால் 62,997 ரூபாய், மீதம் 12,003 ரூபாய்.

இந்த இடத்தில் நம் மாவட்டத்துச் சைக்கிள் நினைவுக்கு வருகிறது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள் அல்லவா? பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் கம்பி இருப்பதால் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். எது உயர்ரகம் என்று அவர்கள் பார்க்கவில்லை, எதை ஏற்றிச் செல்ல வேண்டும் என்று பார்த்தார்கள்.

எங்கள் பள்ளியில் ப்ரொஜக்டருக்கு ஏற்கெனவே மடிக்கணினி இருக்கிறது. கைக்கணினியின் பயனே ஆசிரியர் மேசையை விட்டு இறங்கி மாணவர் கைக்குப் போவதுதான். எனவே மூன்று ஏ9 பிளஸ் வாங்கினோம். முன்னாள் மாணவர்களிடம் இதைச் சொன்னபோது முதலில் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள். 41 பேரை மூன்றாகப் பிரித்தாலே ஒரு குழுவில் 13, 14 பேர் வருகிறார்கள், ஒன்றே ஒன்று என்றால் எப்படி என்று கணக்கைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்கள். குழு வேலை நடக்கும்போது மற்ற குழுக்கள் சோதனையிலும் பாடநூலிலும் இருக்கும்படி சுழற்சி வைத்திருக்கிறோம். அப்போது ஒரு கைக்கணினியைச் சுற்றி நான்கைந்து பேர்தான் இருப்பார்கள்.

கணக்கு ஆசிரியரின் பேனா வரிக்கு இதில் விடையில்லை. அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். “அண்ணே, நான் சொந்தமா எஸ்9 தவணையில வாங்கிடவா?” என்று கேட்டார். “தம்பி, தினமும் எத்தனை மணி நேரம் எழுதப் போறீங்க?” என்று கேட்டேன். மாலை வகுப்பில் வடிவியல் வரைந்து பதிவுசெய்து மாணவர் குழுவில் போடுவது அவர் வழக்கம். அதற்குப் பேனா கட்டாயம், ப்ரொஜக்டர் கம்பி கட்டாயமல்ல. ஆகவே எஃப்.இ. போதும் என்று சொன்னேன். 72,999 ரூபாய்ப் பொருளை ஐந்தாண்டு வைத்திருந்தாலும் ஆண்டுக்கு 14,600 ரூபாய் ஆகிறது. எஃப்.இ.யை நான்காண்டு வைத்திருந்தால் ஆண்டுக்கு 9,250. தவணை வட்டி இரண்டிலும் சேரவில்லை. வகுப்பில் எழுதிக்கொண்டே நேராகத் திரையில் காட்டுகிறவராக இருந்திருந்தால் ஐபேடையும் பேனாவையும் சொல்லியிருப்பேன்.

அப்படியானால் உயர்ரகம் யாருக்கு? காணொளிகளைத் தாமே எடுத்துத் தொகுத்து வெளியிடும் ஆசிரியர்களுக்கு, நாள்தோறும் அதில் வரையும் ஓவிய ஆசிரியர்களுக்குக் கொடுத்த காசு வீண் போகாது. திரை, வேகம், பேனா மூன்றையும் அவர்கள் முழுதாகப் பயன்படுத்துவார்கள். நம்மில் பலர் அப்படியல்ல.

இன்னும் இரண்டு குறிப்புகள். நமது துறைச் செயலிகள் ஆண்ட்ராய்டில் கிடைக்கின்றன. வேறு அமைப்புள்ள கைக்கணினியை வாங்குபவர், தாம் பயன்படுத்தும் ஒவ்வொரு செயலியும் அதில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே தேடிப் பார்த்துவிட வேண்டும். அடுத்தது சிம் வசதி. ஏ9 பிளஸில் அப்போது 2,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் சிம் போடும் வகை கிடைத்தது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. அகன்ற அலைவரிசை இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் ஈராசிரியர் பள்ளிகளில் அந்தக் கூடுதல் தொகையை யோசிக்காமல் கொடுக்கலாம்.

மீதமிருந்த 12,003 ரூபாயில் மூன்று தடித்த ரப்பர் உறைகள், கண்ணாடிக் காப்புகள், மெமரி கார்டுகள், கம்பியில்லாமல் படம் பெறும் கருவி ஒன்று வாங்கினோம். மூன்றையும் வரிசை எண்ணோடு இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பற்றுச்சீட்டின் நகலைப் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் வைத்தாயிற்று. சார்ஜ் போடும் பொறுப்பு ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இருவருடையது. ஏ9 பிளஸ் மெதுவாகத்தான் சார்ஜ் ஏறும், 15 வாட்தான். அதனால் மதிய உணவு மணி அடித்ததும் செருகிவிட்டுத்தான் அவர்கள் தட்டை எடுக்கப் போகிறார்கள்.